மூன்றாம் தேற்றத்தில் ஓர் ஓட்டை

ஸ்ஃபாக்ஸ்
16 ஜூன் 1988

டாக்டர் திஜானி அவர்களுக்கு,

பதினாறு ஆண்டுகளாக உங்களை ‘நீ’ என்று எழுதி வந்த கை இன்று அதற்கு மறுக்கிறது. தொலைபேசியில் பேசியிருக்கலாம். ஆனால் எங்கள் துறையில் ஒரே தொலைபேசி, அதுவும் செயலாளர் ஹமாதியின் மேசையில். தவிர, உங்கள் குரலைக் கேட்டால் எனக்குக் குமட்டும். அதனால் கடிதம்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை நீங்கள் துனிஸ் முழுக்க உங்கள் பாணியில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். நான் பார்த்ததை எழுதுகிறேன். மப்ரூக்கா என் மாணவி. கெர்கன்னா தீவில் ஆக்டோபஸ் பிடிக்கிறவரின் மகள். வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்ததே அவள் ஒருத்திதான். பதற்றம் வந்தால் திக்கும். இதையெல்லாம் ஏப்ரலிலேயே உங்களுக்கு எழுதியிருந்தேன். அவளுடைய முதுகலை ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில் நீங்கள் குழுத் தலைவர். நான் மேற்பார்வையாளர், வாய் திறக்க உரிமை இல்லாமல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அவளுடைய அப்பா ஷத்லி ஒரே ஒரு நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தார்.

நீங்கள் ஆரம்பித்தது என்னவோ அழகாகத்தான். “பூஜ்யத்துக்கும் ஒரு தெரியாத உச்சத்துக்கும் நடுவுல சமமாப் பரவியிருக்கிற எண்கள். அதை எடுத்துக்கோம்மா. உன் மூணாம் தேற்றம் அங்க என்ன சொல்லுது?”

“எந்த மதிப்பீட்டோட சி... சிதறலும் இந்தக் கீழ்வரம்புக்குக் கீழ போ... போகாதுன்னு சொல்லுது சார்.”

“நல்லது. இப்போ மாதிரியில இருக்கிற பெரிய எண்ணை எடுத்து, கொஞ்சம் திருத்தி, அதையே உச்சத்துக்கு மதிப்பீடா வெச்சுக்குவோம். அதோட சிதறல் எவ்வளவு? பலகையில போடு.”

போட்டாள். கணக்கு சரி.

“ரெண்டுல எது சின்னது?”

அவள் இரண்டாவது விடையைச் சாக்கட்டியால் தொட்டாள்.

“வாய் விட்டுச் சொல்லும்மா.”

“இ... இதுதான் சார்.”

“அப்போ, முடியவே முடியாதுன்னு நீ நிரூபிச்சது இங்க முடிஞ்சு போச்சே. தேற்றம் என்ன ஆச்சு?”

“த... தப்பு.”

அங்கே நிறுத்தியிருக்கலாம். கணிதம் அங்கே முடிந்துவிட்டது. நீங்கள் நிறுத்தவில்லை. “அதை நம்பி எழுதின நாலாம் அத்தியாயம்?” “தப்பு.” “அஞ்சாம் அத்தியாயம்?” “தப்பு.” “அப்போ இந்த நூத்திப் பதினெட்டுப் பக்கத்துல மிச்சம் என்னம்மா இருக்கு?”

நீங்கள் துனிஸிலிருந்து கூட்டி வந்த மூன்று இளம் விரிவுரையாளர்களில் ஒருவன் சொன்னான்: “முகப்பு அட்டை இருக்கு சார்.” அறை முழுக்கச் சிரித்தது. கடைசி வரிசையில் அப்பாவும் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல், மரியாதைக்காக.

அவள் வெளியே ஓடிக் கழிவறையில் வாந்தி எடுத்தாள். பின்னாலேயே போய் நெற்றியைப் பிடித்தேன். என் கையைத் தட்டிவிட்டாள். நீங்கள் தாளில் ‘ஒத்திவைப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாப்பாட்டுக்கு எந்தக் கடை நல்லது என்று ஹமாதியிடம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

இதற்குப் பெயர் சாக்ரடீஸ் முறை என்றால், எனக்கு அது வேண்டாம். மீனைச் செதில் சீவுகிறவன்கூட முதலில் அதைச் சாக விடுகிறான்.

தலேந்தா ஷாபூனி

*

துனிஸ்
23 ஜூன் 1988

அன்புள்ள தலேந்தா,

நீ எத்தனை ‘நீங்கள்’ போட்டாலும் எனக்கு நீ ‘நீ’தான். அதை விட்டுவிடு.

முதலில் ஒன்று. நான் சிரிக்கவில்லை. சிரிக்க வைத்தவனை ரயிலில் கண்டித்தேன். அது போதாது என்பாய், போதாதுதான்.

ஆனால் என் கேள்விகளில் எது தவறான கேள்வி? நீயே எழுதியிருக்கிறாய், கணக்கு சரி, முடிவு சரி என்று. தேற்றம் தவறு. எண்களின் உச்சமே தெரியாததாக இருக்கும்போது, அந்த உச்சத்தை நகர்த்தினால் எண்கள் உலவும் இடமே கூடக் குறைய நகர்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் வகைக்கெழு எடுத்து வரம்பு கட்டக் கூடாது என்பது இரண்டாம் ஆண்டுப் பாடம். அவள் அந்த நிபந்தனையை இரண்டாம் துணைத்தேற்றத்தில் எழுதிவிட்டு மூன்றாம் தேற்றத்தில் தொலைத்துவிட்டாள். நான் சுட்டிக் காட்டவில்லை. கேட்டேன். அவளே கண்டுபிடித்தாள், பலகையில், தன் கையால்.

துலூஸில் நாம் படித்த காலத்து உணவகம் நினைவிருக்கிறதா? வெறும் பாஸ்தாவைக் கிளறிக்கொண்டு நாம் இருவரும் உட்கார்ந்திருந்தோமே. காலையெல்லாம் பலகையைப் பார்த்துக் கைவலிக்க எழுதிவிட்டு, ஒரு வரிகூடப் புரியாமல். ஊருக்குத் திரும்பினால் இப்படிச் சொல்லித்தரப் போவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தோம். விடை சொல்வதே இல்லை, கேள்வி மட்டும்தான். என் குறிப்பேட்டில் உன் கையெழுத்தில் இருக்கிறது: ‘விடை சொல்கிற ஆசிரியர், மாணவர் கண்டுபிடிக்க வேண்டியதைத் திருடுகிறார்.’ எனக்கு அந்த வரியைப் படித்துக் காட்டியவளே இன்று மீன், செதில் என்று எழுதுகிறாய்.

இனி என் கேள்வி. இதையாவது பதில் கேள்வி கேட்காமல் பதிலாகச் சொல். உன் கண்ணுக்கு இத்தனை வருஷத்தில் ஒரு கழித்தல் குறி தப்பியதில்லை. என் முனைவர் ஆய்வேட்டில் அச்சுப் பிழைகளையே பதினேழு கண்டுபிடித்தவள் நீ. இந்த ஓட்டை உன் கண்ணில் படவில்லை என்று நான் நம்ப வேண்டுமா?

திஜானி

*

ஸ்ஃபாக்ஸ்
2 ஜூலை 1988

திஜானி,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. முதல் நாள் கிழித்துப் போட எடுத்தேன். இரண்டாம் நாள் வெயிலைப் பற்றியும் ஹமாதி குளிர்சாதனப் பெட்டி வாங்கித் தன் அறையில் மட்டும் வைத்துக்கொண்டதைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதினேன். அதைக் கிழித்தேன். இது நான்காவது தாள்.

மப்ரூக்காவை நான் முதலில் கவனித்த வகுப்பைச் சொல்கிறேன். மூன்று வருஷம் முன்னால். “துறைமுகத்துப் பக்கம் வரும்போது நாலு படகு பார்த்தேன். ஒண்ணுலேர்ந்து வரிசையா எண் போட்டிருக்காங்க. நான் பார்த்தது பதினாலு, அம்பத்தேழு, அறுபத்தொண்ணு, எண்பத்திமூணு. மொத்தம் எத்தனை படகு இருக்கும்?” என்று கேட்டேன்.

முதல் பெஞ்சு உடனே, “எண்பத்திமூணு மேடம்.”

“கடைசிப் படகையே நான் பார்த்துட்டேன்னு உனக்கு யார் சொன்னா?”

“அப்போ... எண்பத்திமூணுக்கு மேல.”

“பெரிய எண்ணை மட்டும் வெச்சு மதிப்பிட்டா எப்பவாவது அதிகமாச் சொல்லுமா?”

“சொல்லாது மேடம். சரியா இருக்கும், இல்லேன்னா குறைச்சலா இருக்கும்.”

“எவ்வளவு குறைச்சல்?”

அரை மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. நான் காத்திருந்தேன். நமக்குத்தான் காத்திருப்பதில் அவ்வளவு பெருமையாயிற்றே. பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “இ... இடைவெளியைப் பாருங்க மேடம். எண்பத்திமூணுக்குள்ள நாலு படகு. அப்போ ஒரு படகுக்கு ஏறத்தாழ இருபது. கடைசிக்கு மேலயும் அதே மாதிரி ஒரு இ... இடைவெளி இருக்கணும். நூத்திமூணு.”

புத்தகத்தில் இருக்கும் சூத்திரம். யாரும் சொல்லித் தராமல், படகைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அன்றையிலிருந்து அந்தச் சிலிர்ப்புக்கு நான் அடிமை. அவளை மறுபடி அப்படிப் பார்க்க வேண்டும்.

ஜனவரி பதினொன்றாம் தேதி அவள் கொடுத்த கையெழுத்துப் பிரதியில் ஓட்டையைப் பார்த்தேன். தேதி நினைவிருக்கிறது, ஏனென்றால் அன்று சந்தோஷப்பட்டேன். ஆமாம், சந்தோஷம். இதை அவளே ஒருநாள் கண்டுபிடிப்பாள், ஓடி வருவாள், அந்த முகத்தை நான் பார்ப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவ்வளவுதான். மார்ச்சில் இரண்டு முறை சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன், அவள் வேறு பக்கம் போனாள். அந்த மாதக் கடைசியில் தட்டச்சுக்குப் போய்விட்டது. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக நான் நினைத்தது, குழுவில் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று.

மறுபடி படித்துப் பார். ஒரு பக்கம் உண்மை கண்டுபிடிக்க வைக்கும் முறை, மறு பக்கம் யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்கிற வேண்டுதல். இரண்டும் ஒரே பெண்ணின் தலைக்குள். என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க அருவருப்பாக இருக்கிறது. உன்மேல் இருக்கும் அருவருப்பு இதனால் குறைந்துவிடவில்லை, கூடவே சேர்ந்துகொண்டது.

கேட்டாய், சொன்னேன்.

தலேந்தா

*

துனிஸ்
10 ஜூலை 1988

தலேந்தா,

உன் கடிதத்தைப் பல்கலைக்கழகத்தில் பிரித்தேன். வீட்டுக்கு எடுத்துப் போய் மறுபடி படித்தேன். வென்றுவிட்டோம் என்று இருந்தது. ஒரு பத்து நிமிஷம். அதையும் எழுதிவிட வேண்டும்.

நீ ஒன்றைச் சொன்னதால் நான் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாமல் இருந்தால் உனக்குத் தெரியப் போவதில்லை. அதனால்தான் இத்தனை நாள் சொல்லவில்லை.

அந்தத் தேற்றத்தைக் காப்பாற்ற முடியும். வகைக்கெழுவே எடுக்காமல், தெரியாத உச்சத்துக்கு இரண்டு மதிப்புகளை வைத்து, அவற்றின் வித்தியாசத்தை மட்டும் கொண்டு ஒரு வரம்பு கட்டலாம். உச்சத்தைக் கீழ்ப்பக்கமாக மட்டும் நகர்த்த வேண்டும், அதுதான் சூட்சுமம். வரம்பு அவள் எழுதியதைவிடப் பலவீனமாக இருக்கும், ஆனால் உண்மையாக இருக்கும். நாலாம் அத்தியாயம் சின்னத் திருத்தத்தோடு நிற்கும், ஐந்தாம் அத்தியாயம் அப்படியே நிற்கும். இது எனக்கு எப்படித் தெரியும்? 1979-இல் வேறு ஒரு கணக்குக்காக இதே வேலையை ஒரு பக்கத்தில் செய்து வைத்திருந்தேன். ஏப்ரலில் அவள் ஆய்வேடு வந்த அன்றே அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, கோப்புக்குள் செருகினேன்.

அந்தக் கோப்பு ஜூன் பதினாலாம் தேதி என் பைக்குள் இருந்தது. ரயிலில் யோசித்தேன், தேர்வுக்கு முன்னால் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கொடுத்துவிடலாமா என்று. நடைபாதையில் நின்றிருந்தாள். தாளைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தாள். நான் “காலை வணக்கம்மா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அந்த மூன்று பையன்களுக்கும் நான் வழியெல்லாம் பெருமை அடித்துக்கொண்டு வந்திருந்தேன்: “ஒரு வார்த்தைகூடத் தப்புன்னு சொல்லாம, தப்புன்னு அவளையே சொல்ல வைக்கிறேன் பாருங்கடா.” பக்கத்தைக் கொடுத்துவிட்டால் காட்சி ஏது?

தேர்வு முடிந்ததும் துறைமுகத்துக் கடையில் சுட்ட மீன் தின்றோம். நான் இரண்டு தின்றேன். நல்ல பசி. பையைக் காலடியில் வைத்திருந்தேன், அந்தப் பக்கம் அதற்குள்தான் இருந்தது. நேற்று என் மனைவி மீன் சமைத்தாள். தட்டைத் தள்ளி வைத்தேன். “என்ன, உப்பு ஜாஸ்தியா?” என்றாள். இல்லை என்றேன்.

அந்தப் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். அவளிடம் கொடு. தபாலில் அனுப்பாதே, நேரில் கொடு. எனக்குத் தைரியம் இல்லை.

திஜானி

*

ஸ்ஃபாக்ஸ்
21 ஜூலை 1988

திஜானி,

நேற்று முன்தினம் கெர்கன்னா போனேன். பெருநாளுக்கு ஊர் திரும்புகிற கூட்டம், படகில் மனிதர்களுக்குச் சரிசமமாக ஆடுகள். என் கைப்பையை ஒன்று பாதி தின்றது. நல்ல வேளை, உன் பக்கத்தை உள்ளங்கியில் வைத்திருந்தேன்.

ஷத்லி வாசலிலேயே நின்றார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? மன்னிப்புக் கேட்டார். “மக உங்க பேரைக் கெடுத்துட்டாளாமே மேடம். அவ்வளவு பெரிய மனுஷங்க முன்னாடி. நீங்க எவ்வளவு பாடுபட்டிருப்பீங்க.” எனக்கு அந்த வாசலிலேயே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

அவள் வீட்டின் பின்னால் மண்பானைகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள், ஆக்டோபஸ் பிடிக்கக் கடலில் இறக்குகிற பானைகள். எழுந்திருக்கவில்லை. உட்காரச் சொல்லவில்லை. நான் பழக்க தோஷத்தில், “மப்ரூக்கா, அந்தத் தேற்றத்தைப் பத்தி மறுபடி யோசிச்சியா?” என்று ஆரம்பித்தேன்.

“கேள்வி கேக்காதீங்க மேடம். என்ன விஷயமோ அதைச் சொல்லுங்க.”

சொன்னேன். ஜனவரியிலிருந்து எனக்குத் தெரியும் என்று. அவள் கயிற்றைக் கீழே போட்டாள்.

“ஜ... ஜனவரியிலயா?”

“ஆமா.”

“பிப்ரவரியில நான் உங்க ரூமுக்கு வந்தேன் மேடம். ஞாபகம் இருக்கா? மூணாம் தேற்றத்துல அந்த நிபந்தனை வேணுமா, வேணாமான்னு கேட்டேன். ராத்திரியெல்லாம் உறுத்துதுன்னு சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க?”

எனக்கு நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை. உனக்குத் தெரியும், அப்படிக் கேட்கிறவர்களிடம் நான் ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்கிற வாசகம் ஒன்று உண்டு.

“‘நீ என்ன நினைக்கிறே?’ன்னு கேட்டீங்க. சிரிச்சுக்கிட்டே. தப்பா இருந்தா இப்படிச் சிரிக்க மாட்டாங்க, சரியாத்தான் இருக்குன்னு நான் போயிட்டேன். எனக்குத் தெரிஞ்சுதான் வந்து கேட்டேன் மேடம். நான் கண்டுபிடிச்சாச்சு. நீங்கதான் அதை என்கிட்டேர்ந்து பிடுங்கித் திருப்பி வெச்சீங்க.”

திஜானி, நான் ஐந்து மாதம் காத்திருந்த அந்த நொடி பிப்ரவரியிலேயே என் அறைக்கு வந்திருக்கிறது. நான் அதைப் பார்த்துச் சிரித்து வெளியே அனுப்பியிருக்கிறேன்.

உன் பக்கத்தைக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். பாதியில் முகம் மாறியது, அந்தப் பழைய முகம், ஒரு நொடி. “இது உங்க கையெழுத்து இல்லையே.” “திஜானி சாரோடது.” “எப்ப எழுதினது?” “எழுபத்தொன்பதுல.” “தேர்வு அன்னைக்கு இது எங்க இருந்துச்சு?” பொய் சொல்லியிருக்கலாம். “அவர் பைக்குள்ள,” என்றேன்.

தொட்டிக்குப் போனாள். கையைக் கழுவினாள், முழங்கை வரை, பானைச் சேறு போன பிறகும் விடாமல் கழுவினாள். திரும்பி வந்து சொன்னது இதுதான்: “நான் திருத்தி எழுதறேன். மறுபடி தேர்வு வைக்கச் சொல்லுங்க. ஆனா ரெண்டு பேரும் டீனுக்கு எழுதணும். என்ன தெரியும், எப்போ தெரியும்னு. எழுத்துல. அப்புறம் அந்த ரூமுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் வரக் கூடாது.”

அவளுக்கு இதைக் கேட்க உரிமை இருக்கிறது. எழுது.

தலேந்தா

*

துனிஸ்
8 ஆகஸ்ட் 1988

அன்புள்ள தலேந்தா,

தாமதத்துக்கு மன்னிக்கவும். பெருநாள், விருந்தினர், பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல்.

அவள் கேட்பது நியாயம். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. எழுதுகிற முறையைப் பற்றி மட்டும் யோசிக்கிறேன். செப்டம்பரில் என் பேராசிரியர் பதவி குழுவுக்கு வருகிறது. பதினோரு வருஷம் காத்திருந்தது. இந்தச் சமயத்தில், நான் வேண்டுமென்றே மறைத்தேன் என்று ஒரு தாளில் இருந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். அதனால் ‘தலைவரின் கவனக் குறைவால் மாணவிக்குப் போதிய வழிகாட்டல் கிடைக்கவில்லை’ என்று போடலாமா? அவளுக்கு மறு தேர்வு கிடைத்துவிடும். நமக்கும் பெரிய சேதம் இல்லை. நீயும் ஏறத்தாழ அதே வாசகத்தைப் போட்டால் இரண்டும் பொருந்தும்.

நீ என்ன நினைக்கிறாய்?

திஜானி

*

ஸ்ஃபாக்ஸ்
13 ஆகஸ்ட் 1988

திஜானி,

உன் கடைசி வரியைப் படித்ததும் தாளைக் கீழே போட்டுவிட்டேன், கையில் கரப்பான் ஏறியது போல. நாற்பத்து மூன்று வயதில், இவ்வளவுக்கும் பிறகு, நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்கிறாய். என் வாயாலேயே நான் அதைச் சொல்ல வேண்டும், அப்போது அது என் யோசனை ஆகிவிடும். பலகை முன்னால் அவளை நிற்க வைத்த மாதிரி.

நான் நினைப்பதைச் சொல்கிறேன். ‘கவனக் குறைவு’ என்பது பொய். நீ ஏப்ரலிலிருந்து முழுக் கவனமாக இருந்தாய். நானும் ஜனவரியிலிருந்து.

என் கடிதம் ஜூலை 25-ஆம் தேதியே டீனுக்குப் போய்விட்டது. நாலு வரி. ‘ஆய்வேட்டின் மூன்றாம் தேற்றம் தவறு என்பது எனக்கு 11 ஜனவரி 1988 முதல் தெரியும். மாணவி பிப்ரவரியில் நேரில் கேட்டபோதும் சொல்லவில்லை. சொல்லாததற்கு என் கற்பிக்கும் முறை மேலிருந்த கர்வம் தவிர வேறு காரணம் இல்லை. இதில் மாணவியின் குற்றம் எதுவும் இல்லை.’ ஹமாதி படித்துவிட்டு, “மேடம், உங்களுக்கு உடம்பு சரியில்லையா? லீவு போடுங்க, இதை நான் கிழிச்சுடறேன்,” என்றான். பதிவேட்டில் எண் போட வைத்து, முத்திரை குத்துகிற வரை நின்றேன். வருகிற ஆண்டு எனக்கு முதுகலை மாணவர்கள் கிடையாதாம். முதலாமாண்டுக்குச் சராசரி கண்டுபிடிக்கச் சொல்லித்தரப் போகிறேன்.

உன் பெயரை என் கடிதத்தில் எழுதவில்லை. அது உன் வேலை.

தலேந்தா

*

துனிஸ்
3 செப்டம்பர் 1988

தலேந்தா,

அனுப்பிவிட்டேன். ஏழு நாள் ஆயிற்று எழுத. முதல் வரைவில் ‘துரதிர்ஷ்டவசமாக’ என்று மூன்று இடத்தில் இருந்தது. என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். முழுக் கதையும் அவளுக்கு அப்போதுதான் தெரியும். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. “அந்தப் பொண்ணோட அப்பா பின்னாடி உக்காந்திருந்தாரா?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டாள். மூன்று சொல்லையும் அடித்துவிட்டு அனுப்பினேன்.

பதவிக் குழு என் கோப்பை ‘மேல் விசாரணைக்காக’ எடுத்து வைத்திருக்கிறது. அந்த மூன்று பையன்களும் நடைபாதையில் என்னைப் பார்த்தால் திரும்பிக்கொள்கிறார்கள். முகப்பு என்று கத்தினானே, அவன் மட்டும் வந்து, “எதுக்கு சார் இதெல்லாம்? ஒரு பொண்ணுக்காக?” என்றான். அவனை அப்படி ஆக்கியதில் என் பங்கு என்ன என்பதுதான் மனதில் வந்தது. “போடா வெளியே” என்றேன். பதினாறு வருஷத்தில், என்னிடம் படித்த ஒருவனிடம் நான் கேள்வியாக இல்லாமல் நேராகச் சொன்ன முதல் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

மறு தேர்வுக்கு மொனாஸ்டிரிலிருந்து புதிய தலைவர் வருகிறாராம், ஒரு அம்மாள். எனக்கு அவரைத் தெரியாது. நல்லது.

நடந்ததை எழுதுவாயா?

திஜானி

*

ஸ்ஃபாக்ஸ்
20 அக்டோபர் 1988

திஜானி,

கேட்டாய் என்பதற்காக எழுதுகிறேன்.

திருத்தி எழுத அவளுக்கு ஒன்பது நாள் பிடித்ததாம். ஒன்பதே நாள். ஐந்து மாதம் நான் வைத்திருந்தது, ஒன்பது வருஷம் நீ வைத்திருந்தது. உன் பக்கத்தை மேற்கோளாகக் காட்டியிருக்கிறாள்: ‘திஜானி, வெளியிடப்படாத குறிப்பு, 1979.’ அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. முன்னுரையில் நன்றி தன் அப்பாவுக்கும் தட்டச்சு செய்தவருக்கும் மட்டும்.

அக்டோபர் பதினெட்டு, காலை பத்து மணிக்குத் தேர்வு. அவள் சொன்னபடி நான் கட்டடத்துக்குள்ளேயே போகவில்லை. எதிரில் இருக்கிற காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்தது எல்லாம் ஹமாதி சொன்னதுதான். மொனாஸ்டிர் அம்மாள் முதலிலேயே, “ரெண்டாம் துணைத்தேற்றத்துல ஒரு குறி தப்பா இருக்கு, அதைத் திருத்திக்கோங்க. மத்தபடி எனக்கு உண்மையிலேயே புரியாத ரெண்டு விஷயம் இருக்கு, அதைக் கேக்கறேன்,” என்றாராம். அவருக்குப் புரியாததை இவள் விளக்கியிருக்கிறாள். திக்கித் திக்கித்தான். அவர்கள் பொறுமையாகக் கேட்டிருக்கிறார்கள். சிறப்பு நிலையில் தேர்ச்சி.

ஷத்லி வெளியே வந்ததும் என்னைத் தெருவின் இந்தப் பக்கம் பார்த்துவிட்டார். கையை உயர்த்தினார், பாதி உயரம். பிறகு அதைத் தலையைத் தடவுகிற மாதிரி மாற்றிக்கொண்டார். இப்போது அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று புரிந்தது. மன்னிப்புக் கேட்டாரே, அன்றைய நிலைமையைவிட இது பரவாயில்லை.

துறையில் அவளுக்குப் பயிற்றுநர் வேலை கொடுப்பதாகச் சொன்னார்கள். மறுத்துவிட்டாள். மொனாஸ்டிருக்குப் போகிறாள்.

நேற்று என் அறைக்கு வந்தாள். முதலாமாண்டுத் தாள்கள் மேசை முழுக்கக் கிடந்தன. கதவைத் தட்டினாள், உள்ளே வந்தாள், உட்காரவில்லை.

“இங்க ஒரு கையெழுத்து வேணும் மேடம். மேற்பார்வையாளர் போட்டாத்தான் நூலகத்துல வாங்கிப்பாங்களாம்.”

“மப்ரூக்கா, நான் உன்கிட்ட ஒண்ணு...”

“வேணாம் மேடம். நான் உங்களை மன்னிக்கலை. மன்னிக்கணும்னு வரவும் இல்லை. கையெழுத்து மட்டும் போதும்.”

போட்டேன். தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மறுபடி என் முன்னால் வைத்து, விரலால் தொட்டுக் காட்டினாள்.

“தேதி தப்பு மேடம். இன்னைக்குப் பத்தொன்பது.”

திருத்தினேன். வாங்கிக்கொண்டு போனாள்.

தலேந்தா